சாமி பேரில் ஏந்திய மடி

பனியன் மஞ்சளாக இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விடியக்காலம் கோவில்பட்டியில் அண்ணாச்சியின் இரும்புக்கடை முன்னால் போய் நின்றோம். அவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து ஆளுக்கு ஒரு பனியன் எடுத்துக் கொடுத்தார். நல்ல பசுமஞ்சள் நிறம். முதுகில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. ரவிக்கைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் நடமாடுற ரோட்டில் நிற்க எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எதுக்குட்டி ஒளியுத? மாரியாத்தா பனியன் போட்டு எறங்கி வந்தாப்புல இருக்கு" என்றாள் எங்களோடு வந்திருந்த டீக்கடைக்காரி. பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். அவர் தொடையோடு ஒட்டின கறுப்பு டவுசர் போட்டிருந்தார். "அண்ணாச்சி, அவசரத்துல மேல போடுதத மறந்துட்டு வந்துட்டியளோ?"

அவர் கூட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். என் சேக்காளி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகளுக்காகத்தான் அன்றைக்கு அத்தனை சைக்கிளும் கிளம்பி நின்றது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே ஊர், இடைசெவலுக்குப் பக்கம். வாழ வந்த நாளில் இருந்து ஒன்றாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். குச்சியைச் சட்டத்தில் அடுக்குற வேலை. போக வர சைக்கிள்தான். பிறகு ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் டீக்கடை போட்டுவிட்டாள். நானும் சேக்காளியும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். சைக்கிள் ஓட்டுவது எனக்குப் பயமில்லை. ஓட்டும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இறங்கினால்தான் எனக்குக் கஷ்டம். நாலு பேர் முன்னால் வாய் வராது, தலை தானாகக் குனிந்துவிடும். அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தினபோது எப்படி நின்றேனோ, இந்த வயசிலும் அப்படித்தான்.

சேக்காளியின் மகள் ஒரு பட்டாசுச் செட்டில் வேலை பார்த்தாள். காட்டுக்குள் தகரம் போட்டு நடத்தின செட்டு. ஒரு நாள் வெடிமருந்து கலக்கும்போது தீப் பிடித்துக்கொண்டது. செட்டுக்காரன் அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விட்டான். அவள் உயிர் பிழைத்தாள். ஆனால் வெந்த தோல் ஆற ஆற இழுத்துக்கொண்டே வந்து, முகவாய் நாடி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. தலையைத் தூக்க முடியாது. வாயை முழுசாக மூட முடியாது, எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். வலது கை விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டி, எப்போதும் எதையோ பொத்தி வைத்திருக்கிற மாதிரி இருக்கும். தரையை மட்டுமே பார்ப்பாள். வீட்டுக்கு வருகிற ஆளைக் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். நான் வாசலில் ஏறினால், "பெரியம்மா, செருப்பு வார் அந்துபோச்சே, தைக்கலையா?" என்று கேட்பாள்.

அண்ணாச்சியும் அவர் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் விலை கூடின சைக்கிள்களை எடுத்துக்கொண்டு தூரந்தொலைவு ஓட்டுகிறவர்கள். வருசத்துக்கு ஒரு தடவை யாருக்காவது உதவி என்று ஓட்டுவார்கள். அந்தப் பங்குனியில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் வெளியூர் டாக்டர்கள் வந்து தங்கி, இந்த மாதிரி ஒட்டிப்போன தோலைப் பிரித்து ஆபரேசன் செய்துகொண்டிருந்தார்கள். ஆபரேசன் இலவசம். மருந்துக்கும் தங்குவதற்கும் மட்டும் நாம் முன்னால் கட்டவேண்டும், கழுத்துக்குத் தனி, கைக்குத் தனி. அந்த வாரத்தோடு டாக்டர்கள் போய்விடுவார்கள், மறுநாள் சேர்த்தால்தான் உண்டு. அதற்காகத்தான் பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் ஓட்டி, வழியில் இருக்கிற ஊர்களில் வசூல் செய்வது என்று அண்ணாச்சி ஏற்பாடு பண்ணியிருந்தார்.

"தாயும் கூட வந்தா சனங்க மனசு எளகும்" என்று அவர்தான் சொன்னார். சேக்காளி தனியாக வரமாட்டேன் என்றாள். அதனால் நானும் டீக்கடைக்காரியும் கூடப் போனோம்.

முதல் ஊரில் பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரும் இறங்கினோம். காகிதம் ஒட்டின தகர உண்டியலை அண்ணாச்சி சேக்காளி கையில் கொடுத்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கூப்பிட்டு, "இவிய மகதான் தீயில வெந்து கெடக்கு. உங்களால முடிஞ்சதப் போடுங்கம்மா" என்று சேக்காளியைக் கைகாட்டினார்.

அந்த அம்மாள் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேக்காளியை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தச் செட்டு? அந்தக் காட்டுச் செட்டா? லைசன்ஸ் இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு அனுப்புன?"

சேக்காளி உண்டியலைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"கவர்மெண்டு ஒண்ணும் தரலையா? டிவியில தாரோம்னு சொன்னாவளே? மாப்பிள்ளை எங்க? விட்டுட்டானா?"

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருத்தரும் ஒன்று கேட்டார்கள். கேட்டதற்குப் பிறகு உண்டியலில் என்னமோ போட்டார்கள், போடாமலும் போனார்கள். நான் சேக்காளியை ஒட்டி நின்றேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

"இவளுக்கும் சேத்து அந்த டாக்டருகிட்ட ஒரு ஆபரேசன் பண்ணச் சொல்லணும், தலைய நிமித்த" என்று என்னைக் காட்டிச் சொன்னாள் டீக்கடைக்காரி. சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊரைத் தாண்டி ஒரு ஓடைப் பாலத்தில் சேக்காளி சைக்கிளை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த காடு. செடியெல்லாம் வெறும் மாராகக் காய்ந்து நின்றது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அண்ணாச்சி கூட்டம் முன்னால் போய்விட்டது, சாமான் ஏற்றின குட்டியானை வண்டியும், அதில் கட்டின பேனரும் அதற்கும் முன்னால் போய்விட்டன. அவள் உண்டியலைப் பைக்குள் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"இன்னொரு ஊர்ல இதப் பிடிச்சிக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பில்லட்டி. எம் மக வெந்தத வீட்டுக்கு வீடு ஒப்பிச்சிக் காட்டி நான் எப்படிக் கேப்பேன்?"

"கேக்காம எப்படிக் கெடைக்கும்? நான் கேக்கேன், நீ பின்னால வா" என்றாள் டீக்கடைக்காரி.

சேக்காளி ஓடையில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் முகத்தையும் காலையும் கழுவினாள். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். அடுத்த ஊர் வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து முதல் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

வெளியூர்க்காரர்கள் படிப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு மடிப்பிச்சை எடுப்பது உண்டு. வசதியான வீட்டுப் பெண்ணும் எடுப்பாள், அதில் கேவலம் கிடையாது. மஞ்சள் துணி உடுத்தி, செருப்பில்லாமல் வந்து மடியை விரித்து நின்றால் போதும், வாய் திறந்து கேட்க வேண்டாம். வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றி, கையில் இருக்கிறதை மடியில் போடுவாள். வாங்கினது முழுதும் அந்தச் சாமிக்குப் போய்ச் சேரவேண்டும். அதில் ஒரு மணியைக் கூட வேறு காரியத்துக்குத் தொடக் கூடாது.

பங்குனி மாசம். மேலே மஞ்சள், காலில் செருப்பில்லை, விரித்த மடி. அந்த வீட்டுக்காரி ஓடிவந்து சேக்காளி காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். "எந்த ஆத்தாளுக்குத் தாயி?"

சேக்காளி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "பாஞ்சாலங்குறிச்சி சக்கம்மாளுக்கு."

நாங்கள் போய்ச் சேரவேண்டிய இடம் அது என்பதால் வாயில் வந்ததோ, நிஜமாகவே மனசுக்குள் வேண்டிக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது. நானும் செருப்பைக் கழற்றினேன், நானும் மடியை விரித்தேன். பேச வேண்டாம் என்றால் நான் எத்தனை வீடு வேண்டுமானாலும் ஏறுவேன். டீக்கடைக்காரி கொஞ்ச நேரம் விழித்தாள், பிறகு அவளும் விரித்தாள்.

என்ன சொல்ல! ஒரு கேள்வி இல்லை. மகள் எந்தச் செட்டு, மாப்பிள்ளை எங்கே, ஒன்றும் இல்லை. கம்மம்புல் போட்டார்கள், உளுந்து போட்டார்கள், ரூபாய் போட்டார்கள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருத்தர் கம்பைக் கீழே வைத்துவிட்டு வேட்டி மடிப்பில் இருந்து எடுத்துப் போட்டார். எங்களை விடச் சின்னவர்களும் பெரியவர்களும் காலில் விழுந்தார்கள். அடுத்த ஊரிலும் அப்படி, அதற்கடுத்த ஊரிலும் அப்படி. மூட்டை கேரியரில் கனத்தது. சேக்காளி அருள் வந்தவள் போல முன்னால் மிதித்துப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கம் இருந்து எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்க மிதிக்க சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. தார் ரோட்டின் வெக்கை முகத்தில் அடித்தது. டீக்கடைக்காரிக்குத் தொடையில் சதை இழுத்துக் குறக்களி பிடித்து, அவளையும் அவள் சைக்கிளையும் குட்டியானையில் ஏற்றினார்கள். ஓட்டப்பிடாரத்துக்கு முன்னால் ஒரு வாகை மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். மற்றவர்களின் உண்டியலில் அவ்வளவாக ஒன்றும் விழவில்லை. எங்கள் மூட்டைகளைப் பார்த்த அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். "எக்கா, நீங்கதான் இன்னைக்கு ஹீரோ. கொட்டுங்க இதுல. தானியத்த ஓட்டப்பிடாரத்துல போட்டு ரூவாயாக்கிருவோம். தாராளமாப் போதும், கழுத்து, கை ரெண்டுக்குமே காணும்."

சேக்காளி மூட்டையின் முடிச்சை அவிழ்க்கக் கைவைத்தாள்.

அப்போதுதான் நாங்கள் கடைசியாக மடி ஏந்தின ஊரில் இருந்து ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். அவள் கையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு இருந்தது. "நல்லவேள, போயிட்டியளோன்னு நெனச்சேன். இதையும் ஆத்தா கால்ல போட்டுருங்க தாயி. எம் மகளுக்கு மூணு தடவ கலைஞ்சிட்டு. இப்ப நாலாவது. இந்தத் தடவயாவது தங்கணும்னு சொல்லிப் போடுங்க." சேக்காளியின் மடியில் அதை வைத்து, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிப் போனாள்.

சேக்காளி அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூட்டை முடிச்சில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, கொட்டுங்க" என்றார் அண்ணாச்சி.

"மாட்டேன்."

"என்னக்கா?"

"இது சாமியோடது அண்ணாச்சி. ஒவ்வொருத்தியும் என்ன வேண்டிக்கிட்டுப் போட்டாளோ. அடுத்தவ மக வயித்துக்குன்னு போட்டதுல எம் மகளுக்கு ஊசி மருந்து வாங்கவா? வெளங்குமா? வெந்தது போதாதா அவளுக்கு?"

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். "நாளைக்குச் சேக்கலன்னா டாக்டருங்க போயிருவாங்க. நான் உண்டியல் கொடுத்தேனே! யாரு உங்கள மடி ஏந்தச் சொன்னா?"

"கோட்டிக்காரி மாதிரிப் பேசாதட்டி" என்று வண்டியில் இருந்து கத்தினாள் டீக்கடைக்காரி. "ஆத்தாகிட்ட கைமாத்தா வாங்கிக்க. பெறவு கொடு. அவ என்ன வட்டியா கேக்கப் போறா?"

"நீ சும்மா கெட."

"நான் ஏன் சும்மா கெடக்கணும்? அவ கழுத்து ஒட்டிக் கெடக்கு, நீ சாமிக்குப் பயந்து உக்காந்திருக்க. சாமி கேட்டா நான் பதில் சொல்லுதேன்!"

சேக்காளி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லாத அழுகை. அண்ணாச்சி கூட்டத்தில் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். காலையில் இருந்து காத்துக் கிடக்கிற பிள்ளையை நினைத்தேன். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, உள்ளே வரப்போகிற காலுக்காகக் காத்திருப்பாள்.  என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"திரும்பிப் போவோம். உள்ளதச் சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டு, மகளுக்குன்னு கேப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேக்காளி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "யாரு கேப்பா? பொய் சொன்ன வாயால நான் கேக்க மாட்டேன். நீ கேப்பியாட்டி? வாயத் தெறந்து?"

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் தடுக்கவில்லை. தாங்கள் பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் போய் முடித்துவிட்டுச் சாயங்காலம் வண்டியோடு வருவதாகவும், முதல் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் நாங்கள் நிற்கவேண்டும் என்றும் சொன்னார்.

மத்தியானத்தில் இருந்து எங்களைப் பின்னுக்குத் தள்ளின காற்று, திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது. மிதிக்கவே வேண்டியதில்லை. மெதுவாகப் போகட்டும், கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். என்ன சொல்லுவது, எங்கே இருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கும் முன்னால் ஊர் வந்துவிட்டது. பிரேக் பிடித்தும் வந்துவிட்டது.

காசு முடிந்து கொடுத்த பெண்ணின் வீட்டில்தான் முதலில் ஏறினோம். அவள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். "அதுக்குள்ள போயிட்டு வந்துட்டியளா?"

வாய் ஒட்டிக்கொண்டது. சேக்காளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். நான் அந்த முடிச்சை நீட்டினேன். "இது... சாமிக்கு வாங்கல. நாங்க நேந்துக்கிட்டு வரல. இது பனியன். சைக்கிள் ஓட்டுறதுக்குக் கொடுத்த பனியன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் மேலே வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாடியை நெஞ்சில் அழுத்திக் காட்டினேன். வலது கையை மூடி அவள் முன்னால் நீட்டினேன். "இப்படி இருக்கா. இவ மக. தீயில வெந்து இப்படி ஒட்டிட்டு. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்கணும். கேக்க வெக்கப்பட்டு மடிய ஏந்திட்டோம்."

கீழே பார்த்தபடியே சொன்னதால் அவள் முகம் என்ன ஆனது என்று தெரியவில்லை. அவள் கால் மட்டும் தெரிந்தது. ஒரு விரலில் மெட்டி இல்லை. அந்தக் கால் பின்னால் நகர்ந்தது.

"கொடுத்தத நான் எப்படித் திரும்ப வாங்குவேன்?" என்றாள். குரல் மாறியிருந்தது. "ஆத்தாளுக்குன்னு சொல்லிக் கையவிட்டுப் போயிட்டு. அத உள்ள வாங்கி வச்சா எம் மக என்ன ஆவா? என்ன இப்படி மாட்டி விட்டுட்டியளே!"

இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வாங்கினவள் தொட முடியாத மாதிரியே கொடுத்தவளும் தொட முடியாது. கேரியரில் இருந்த அவ்வளவும் யாருக்கும் இல்லாததாகிவிட்டது. சேக்காளி தெருவிலேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போனாள், ரொம்ப நேரம் கழித்து வந்தாள். "எம் மக காரியத்த நடுவழியில விட்டுறாதீய. அது ஆத்தாகிட்டப் போய்ச் சேரணும். மத்தவுக போட்டதும் சேரணும். இது வேற" என்று கசங்கின ஒரு நோட்டை என் கையில் வைத்து அழுத்தினாள். "இது சாமிக்கு இல்ல. இத இன்னைக்கே செலவழிச்சிருங்க."

எல்லோரும் அவளைப் போல இல்லை. அடுத்த ஊரில் ஒருத்தர் சைக்கிள் கேரியரைப் பிடித்து நிறுத்தி, "சாமி பேரச் சொல்லிக் கொள்ளையடிக்க வந்தியளா?" என்று கத்தினார். ஒரு பையன் போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தான். "முகத்தக் காட்டு பாட்டி, ஊரு பூரா பாக்கட்டும்" என்றான். ஓடிவிடலாமா என்று இருந்தது. சைக்கிளில் ஏறினால் காற்றே கொண்டுபோய்விடும். ஆனால் ஓடினால் கேரியரில் இருக்கிறதைத் திருடிக்கொண்டு ஓடினதாக ஆகிவிடும். நின்றேன். திரும்பத் திரும்ப ஒரே விசயத்தைத்தான் சொன்னேன். நாடியை நெஞ்சில் வைத்துக் காட்டினேன், கையை மூடிக் காட்டினேன். "சாமிது சாமிக்குப் போயிரும். மகளுக்கு இருந்தா கொடுங்க, இல்லாட்டா திட்டிட்டு விட்டுருங்க." தொண்டை கட்டிப் போய்க் கடைசிக்குக் காற்றுதான் வந்தது. சில வீட்டில் கதவு சாத்தினார்கள். சில வீட்டில் மறுபடியும் கொடுத்தார்கள், காலையில் கொடுத்ததில் கால்வாசி கூட இருக்காது. ஒரே நாளில் இரண்டு தடவை கொடுக்க அந்த ஊர்களில் யாரிடம் இருக்கிறது?

பொழுது சாயும்போது முதல் ஊருக்கு வந்து சேர்ந்தோம். இங்கே நாங்கள் மடி ஏந்தவில்லை, யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்தோம். விளக்குமாற்றுக்காரி எதிர்வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அவளிடம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அன்றைக்கு அவ்வளவு பேரிடம் பேசினதில் ஏதோ ஒன்று கழன்றுபோயிருந்தது.

"காலைல கேட்டியளே. லைசன்ஸ் இல்லன்னு தெரிஞ்சுதான் போனா. மழையில்ல, காட்டு வேலையில்ல. அன்னன்னைக்கே கூலி கொடுத்தான்னு போனா. மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிட்டாரு. கவர்மெண்டு தந்தது முதல் ஆஸ்பத்திரிக்கே சரியாப்போச்சு. இன்னும் கேக்கணும்னா கேளுங்க."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.  "தண்ணி குடிக்கியளா ரெண்டு பேரும்?" என்றாள். அவ்வளவுதான். காசு ஒன்றும் தரவில்லை. அந்தத் தண்ணீர் குடித்த பிறகுதான் காலையில் இருந்து நான் எதுவும் குடிக்கவில்லை என்பது நினைவு வந்தது.

அண்ணாச்சி வந்து, உண்டியல்களில் இருந்ததையும் எங்கள் கையில் இருந்ததையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு ஆபரேசனுக்குத்தான் காணும் என்றார். தன் கையில் இருந்தும் போட்டுத்தான் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. அந்த மூட்டைகளை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் குட்டியானையில் பின்னால் பாய் விரித்து மகளை உட்கார வைத்துத் தூத்துக்குடிக்குப் போனோம். வழியில் பாஞ்சாலங்குறிச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சேக்காளி மூன்று மூட்டையையும் தலையில் ஒன்றும் இடுப்பில் இரண்டுமாகத் தூக்கிக்கொண்டு சக்கம்மாள் சந்நிதிக்குப் போனாள். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. தானியத்தைக் கொட்டினாள், ரூபாயை உண்டியலில் போட்டாள். மஞ்சள் முடிச்சை மட்டும் தனியாக எடுத்து, இன்ன ஊர், இவளுடைய மகள், வயிற்றில் தங்கவேண்டும் என்று சத்தமாகச் சொல்லிப் போட்டாள். தன் மகளுக்காக ஒன்றும் சொல்லவில்லை. வெறும் துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், கழுத்தா, கையா என்று.

சேக்காளி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "கழுத்து" என்றாள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு நான் போயிருந்தேன். கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டு நேராக உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் நான் வந்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரென்று தெரியாதவள் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கண்ணைக் கீழே இறக்கி என் காலைப் பார்த்தாள். "பெரியம்மாவா! இன்னும் இந்தச் செருப்பு வாரத் தைக்கலையா?" என்றாள். எனக்குக் குனிந்து அழத்தான் தெரிந்தது.

கைக்கு அடுத்து எப்போது டாக்டர்கள் வருவார்கள் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், தெரியவில்லை. அப்படியே விட்டால் நாள் போகப் போக எலும்பும் மடங்கிவிடும் என்கிறார்கள். அந்த மூட்டைகளையும் சேர்த்திருந்தால் கையும் விரிந்திருக்குமே என்று டீக்கடைக்காரி ஒரு தடவை சொன்னாள், அதற்குப் பிறகு சொல்லவில்லை. சேக்காளி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் குச்சி அடுக்கும்போது நினைப்பேன். நினைத்தால் வரிசை கலைந்துபோகும், மறுபடியும் முதலில் இருந்து அடுக்குவேன்.

இப்போது சில நாள் மகளை என் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஊருக்கு வெளியே ஒரு சுற்றுக் கூட்டிப் போகிறேன். தலையை நிமிர்த்திக்கொண்டு வருவாள். தூரத்தில் என்ன வருகிறது என்று எனக்கு முன்னால் சொல்லுவாள். லாரி வருது பெரியம்மா, ஓரமாப் போங்க. ஆடு குறுக்க வருது. அந்தா கரண்டுக் காத்தாடி சுத்துது. விழுந்துவிடாமல் இருக்க என் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் போட்டிருப்பாள். இடது கை சேலையைப் பிடித்திருக்கும். வலது கை பிடிக்காது. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அந்த மூடின கை என் வயிற்றில் இடித்துக்கொண்டே வரும்.